டோஃபல் ஸ்பீக்கிங்கில் 18 வாங்கினேன், அப்புறம் 24

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான டோஃபல் ஐபிடியை 2024-இல் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 120-க்கு 91. ரீடிங் 27, லிசனிங் 25, ரைட்டிங் 21, ஸ்பீக்கிங் 18. நான் விண்ணப்பித்த துறையில் மொத்த மதிப்பெண் 90 போதும், ஆனால் ஸ்பீக்கிங்கில் மட்டும் தனியாக 22 வேண்டும் என்றிருந்தது. அங்கேதான் இடித்தது. மற்றப் பகுதிகளுக்கு நல்ல பாடங்கள் நிறையக் கிடைக்கின்றன, அதனால் ஸ்பீக்கிங் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

எதிரில் ஆள் இருந்தால் நான் ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசுவேன். இங்கே ஆள் கிடையாது. ஹெட்செட், மைக், திரையில் ஒரு கேள்வி. அப்போது முதல் கேள்விக்கு யோசிக்க 15 நொடி, பேச 45 நொடி இருந்தது. பீப் ஒலித்ததும் நொடிகள் குறைய ஆரம்பித்தன. நான் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 20 நொடியில் சொல்ல வந்தது தீர்ந்துவிட்டது, மீதி நேரம் அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னேன். இன்னொன்று, அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. நான் லிசனிங்கில் இருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் மைக் சோதனைக்காகத் தன் ஊரைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். லிசனிங் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும், தவறவிட்டால் போனதுதான்.

இரண்டாவது முறைக்கு முன் ஆறு வாரம், தினமும் நான்கு பதில்களை மொபைலில் பதிவு செய்து கேட்டேன். முதல் நாள் 45 நொடிக்குள் பதினொரு ‘ம்ம்’. கேட்கவே கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டால்தான் குறைகிறது. அந்த 15 நொடியில் வாக்கியம் எழுத முயல்வதை விட்டேன். தாளில் மூன்றே சொல்: என் கருத்து, ஒரு காரணம், ஒரு சம்பவம். சம்பவத்துக்குப் பாதி நேரத்துக்கு மேல் கொடுத்தேன். இரண்டாவது காரணத்தைத் தேடுவதை விட்டபிறகுதான் பேச்சு நிற்காமல் வந்தது. சில நாட்கள் வேண்டுமென்றே டிவி ஓடும் அறையில் உட்கார்ந்து பேசினேன். தேர்வு நாளில் பக்கத்துக் குரல் அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை.

ரைட்டிங்கில் ஒரு விஷயம். அப்போதிருந்த இன்டக்ரேட்டட் கேள்வியில் கட்டுரையைப் படித்த பிறகு அதை மறுக்கும் உரை ஒன்று ஓடியது. பதில் எழுதும்போது கட்டுரை மறுபடி திரையில் வந்தது, உரை வரவில்லை. முதல் முறை இது தெரியாமல் கட்டுரைக்கே குறிப்பெடுத்துத் தாளை நிரப்பிவிட்டேன். குறிப்பெல்லாம் உரைக்குத்தான் எடுத்திருக்க வேண்டும். எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது என்பதால் வெறும் நோட்பேடில் தட்டிப் பழகினேன்.

இரண்டாம் முறை ஸ்பீக்கிங் 24, மொத்தம் 101.

*

மேலே நண்பர் சொன்ன பதிவு செய்து கேட்கும் பழக்கம் எனக்கும் கைகொடுத்தது. ஆனால் நான் எழுதியது 2026 ஜனவரியில் தேர்வு மாறிய பிறகு. இப்போது ரீடிங்கும் லிசனிங்கும் நம் விடைகளைப் பொறுத்து அடுத்த கட்டத்தில் எளிதாகவோ கடினமாகவோ வருகின்றன. மதிப்பெண் 1 முதல் 6 வரையிலான அளவில் வருகிறது. ஸ்பீக்கிங்கில் முதலில், காதில் விழும் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், வாக்கியங்கள் போகப்போக நீளும். எனக்கு நடுச்சொற்கள் நழுவின. அடுத்து நேர்காணல் மாதிரிக் கேள்விகள். அதில் யோசிக்கத் தனி நேரம் இல்லை, கேள்வி முடிந்ததும் பேசவேண்டியதுதான். 15 நொடிக் குறிப்பை நம்பிப் பழகியிருந்ததால் முதல் கேள்வியில் திணறினேன். பழைய மாதிரித் தேர்வுகளைக் கையில் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கிங்கை அதிலிருந்து படிக்காதீர்கள். இன்டக்ரேட்டட் கட்டுரையும் போய்விட்டது. பழைய ரைட்டிங் கேள்விகளில், வகுப்பு விவாதத்தில் நம் கருத்தை எழுதும் அகாடமிக் டிஸ்கஷன் மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்குப் பழைய மாதிரித் தேர்வுகள் உதவும்.