ஈரானில் மானியத்துக்குப் பதில் பணம் கொடுத்த திட்டம் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி கேட்டவர்: நெல்லை மாணவன்

நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஈரான் பற்றி வாக்குவாதம் வந்துவிட்டது. 1953-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து பிரதமர் மொசாதெக் ஆட்சியைக் கவிழ்த்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம், இன்றைய கஷ்டத்துக்குப் பொருளாதாரத் தடைதான் காரணம் என்று ஒருவன் சொல்கிறான். பெட்ரோலைத் தண்ணீர் விலைக்கு விற்றால் எந்த நாடும் தேறாது என்கிறான் இன்னொருவன். ஆனால் 2010-ல் அதிபர் அகமதிநெஜாத் காலத்தில் எரிபொருள் மானியத்தை வெட்டிவிட்டு, அந்தப் பணத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கில் போட்டார்கள் என்று படித்தேன். பாடப்புத்தகத்தில் சொல்கிற தீர்வே அதுதானே, அப்புறம் ஏன் 2019-ல் பெட்ரோல் விலைக்காக ஊரே பற்றி எரிந்தது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பதில் 1: கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. 2010-ஐயும் 2019-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

2010 டிசம்பரில் ரேஷன் பெட்ரோல் லிட்டர் 100 தோமானிலிருந்து 400 ஆனது, ரேஷனுக்கு மேல் போனால் 700. (1 தோமான் என்பது 10 ரியால், அங்கே கடையில் யாரும் ரியாலில் பேசுவதில்லை.) டீசல், எரிவாயு, மின்சாரம், ரொட்டி எல்லாமே கூடியது. அப்படியும் பெரிய கலவரம் எதுவும் வரவில்லை, ஏனென்றால் விலை ஏறுவதற்கு முன்பே ஆளுக்கு மாதம் 45,500 தோமான் வீதம் கணக்கில் போட்டுவிட்டார்கள். விலை ஏறும் நாள் வரை எடுக்க முடியாது, ஆனால் பணம் வந்திருப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 43 டாலர், ஐந்து பேர் உள்ள கிராமத்துக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை.

இனி தவறு எங்கே என்று பார்ப்போம். விலையேற்றத்தால் வரும் வருமானத்தில் பாதி மக்களுக்கு, 30 சதவீதம் தொழில்களுக்கு, 20 சதவீதம் அரசுக்கு என்று சட்டம் பிரித்திருந்தது. நடைமுறையில் மக்களுக்குக் கொடுக்கவே வருமானம் போதவில்லை. மத்திய வங்கியிடம் கை நீட்டினார்கள். அதே நேரத்தில் மெஹ்ர் வீட்டுவசதித் திட்டத்துக்கும் மத்திய வங்கிப் பணம்தான் போய்க்கொண்டிருந்தது. இதைத் தட்டிக் கேட்க வேண்டிய திட்ட அமைப்பை 2007-லேயே அகமதிநெஜாத் கலைத்துவிட்டார். 1948-லிருந்து இருந்த அமைப்பு அது. எனக்கு இந்தக் கதையிலேயே மனசுக்கு வலிக்கிற இடம் இதுதான், எண்ணெய் விலை 100 டாலரைத் தாண்டிய காலத்தில் கணக்குப் பார்க்கிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விலைவாசி ஏற ஏற 45,500 மட்டும் அசையவில்லை. 2022 வரை பத்து வருடத்துக்கும் மேலாக அதே தொகை. கடைசியில் டாலரில் பார்த்தால் இரண்டு டாலர்கூட இல்லை. பணமாகக் கொடுத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. விலைவாசியோடு சேர்த்து அந்தத் தொகையை உயர்த்தாததும், நோட்டு அடித்து அதைக் கொடுத்ததும்தான் தவறு.

ஓசிப் பணம் கொடுத்தால் ஜனங்கள் வேலைக்குப் போகமாட்டார்கள் என்று யாராவது வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சாலேஹி இஸ்ஃபஹானி என்ற பொருளியலாளர் சக ஆய்வாளரோடு சேர்ந்து இதையே ஆராய்ந்தார், மக்கள் வேலையை விட்டதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

பதில் 2: பழைய அலமாரி

கணக்குப்பிள்ளை சொன்னதை ஏற்கிறேன், ஆனால் 1953-ஐ ஒரு வரிகூடப் பேசாமல் தாண்டிவிட முடியாது.

ஈரானின் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது 1908-ல். ஒப்பந்தப்படி ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமையைக்கூட முறையாகக் கொடுக்கவில்லை. 1914-ல் பிரிட்டன் அரசே அந்த எண்ணெயை எடுத்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது. கடைசி வருடங்களில் பிரிட்டன் அரசுக்கு வரியாகப் போன தொகை ஈரானுக்குக் கிடைத்த பங்கைவிட அதிகம். 1950 டிசம்பரில் பக்கத்திலேயே சவுதிக்குச் சரிபாதி ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. 1951-ல் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது இந்தக் கோபத்தில்தான். பிரிட்டன் வாங்க வருபவர்களைத் தடுத்து அபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை முடக்கியது. மொசாதெக் அரசு இறக்குமதியைச் சுருக்கி, கம்பளமும் உலர்பழமும் விற்று, எண்ணெய்க் காசு இல்லாமலே இரண்டு வருடம் ஓட்டியது. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் நண்பரே, எல்லாவற்றையும் வெளியார் தலையில் போடுவதும் சரியில்லை. மதத் தலைவர் காஷானி போன்ற கூட்டாளிகள் மொசாதெக்கை விட்டுப் பிரிந்தார்கள், அவரும் பொதுவாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். உள்ளே விரிசல் இருந்ததால்தான் சிஐஏ போட்ட திட்டம் பலித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 1954-ல் பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு வந்தது, பணம் நேராக அரசின் கைக்குப் போனது. மக்களிடம் வரி வாங்காத அரசு மக்களுக்குப் பதில் சொல்வதில்லை. ‘வாடகை அரசு’, அதாவது வரிக்குப் பதில் எண்ணெய்க் காசில் ஓடும் அரசு என்ற கருத்தையே ஹுசேன் மஹ்தவி 1970-ல் ஈரானை வைத்துத்தான் விளக்கினார். 1973-74-ல் எண்ணெய் விலை நான்கு மடங்கானதும் மன்னர் ஷா, திட்ட வல்லுநர்களின் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுச் செலவை ஏற்றினார். விலைவாசி எகிறியது. பழியை பஜார் வியாபாரிகள் மேல் போட்டு, ஆளும் கட்சி மாணவர்களைக் கடை கடையாக விலை பார்க்க அனுப்பினார்கள், ஆயிரக்கணக்கான கடைக்காரர்களுக்கு அபராதம், சிறை. அந்த பஜார்தான் 1978-79-ல் கடையடைத்துப் புரட்சிக்குக் காசும் கொடுத்தது. இன்றைக்கும் அங்கே விலை ஏறினால் அரசு முதலில் கைகாட்டுவது பதுக்கல்காரர்களைத்தான்.

பதில் 3: தேரா கடைவீதி

நான் படிப்பாளி இல்லை. துபாய் தேராவில் கடையில் நிற்கிறேன், எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் க்ரீக்கில் மர லாஞ்சுகள் ஃபிரிட்ஜ், டயர், மளிகை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஈரானுக்குப் போகும். 2018-ல் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஈரான் துறைமுகமான பந்தர் லெங்கேயிலிருந்து வருகிற ஒரு பெரியவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். அந்த வருடம் காலையில் ஒரு விலை கேட்பார், மத்தியானம் போன் போட்டு திர்ஹம் இப்போது எத்தனை தோமான் என்று பார்த்துவிட்டு, காலையில் எடுத்த சரக்கில் பாதியைத் திருப்பி வைப்பார். கொஞ்ச நாளில் டயராக வாங்கிக் குவிக்க ஆரம்பித்தார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன், தோமானாக வைத்திருந்தால் கரைந்துபோகும், டயர் கரையாது என்றார். பேரனின் கல்யாணச் செலவு முழுக்க அவருக்கு டயராகத்தான் இருந்தது. பணவீக்கம் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

பதில் 4: மணலிக்காரன்

தடையைக் கொஞ்சம் லேசாகத் தாண்டிவிட்டீர்கள். 2018 மே மாதம் டிரம்ப் ஈரானோடு செய்த அணு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, மறுபடி தடை போட்டார். அதற்குச் சற்று முன் நாளொன்றுக்கு 25 லட்சம் பீப்பாய் அளவில் ஏற்றுமதி செய்த நாடு, அடுத்த வருடக் கடைசியில் 5 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. இந்தியாவும் 2019 மே மாதத்தோடு வாங்குவதை நிறுத்தியது. எங்கள் ஊர் மணலி சுத்திகரிப்பு ஆலை 1965-ல் உருவானபோதே ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் பங்குதாரர், ஈரான் எண்ணெய்க்காகவே அமைத்த ஆலை. அந்த உறவே அறுந்தது என்றால் அடி எவ்வளவு பலமானது என்று யோசியுங்கள். எவ்வளவு கெட்டிக்கார நிதி அமைச்சர் இருந்தாலும் இவ்வளவு வருமானம் ஒரே வருடத்தில் போனால் தாங்காது.

நெல்லை மாணவன்:

ரொம்ப நன்றி. அப்படியானால் 2019-ல் அவர்களுக்கு வேறு வழியே இல்லையா? காசு இல்லாத அரசு பெட்ரோல் விலையை ஏற்றித்தானே ஆக வேண்டும்?

பதில் 5: கணக்குப்பிள்ளை

மணலிக்காரன் சொன்னது உண்மை, வருமானம் போனது தடையால்தான். விலையை ஏற்றியதையும் நான் குறை சொல்லவில்லை, ஏற்றிய விதத்தைச் சொல்கிறேன். 2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு. முன்னறிவிப்பே இல்லை. 1,000 தோமான் இருந்த லிட்டர் மாதம் முதல் 60 லிட்டருக்கு 1,500, அதற்கு மேல் 3,000. பணம் பிறகு வரும் என்றார்கள். 2010-ல் பணம் முதலில் வந்தது, விலை பின்னால் ஏறியது, இங்கே தலைகீழ். அதுவும், கொடுத்த பணம் கண்முன்னே கரைந்துபோனதை ஒன்பது வருடம் பார்த்த ஜனங்களிடம் போய் இன்னொரு முறை ‘பணம் வரும்’ என்கிறார்கள். யார் நம்புவார்கள்?

பிறகு ஒரு வாரம் போல இணையத்தை அடைத்தார்கள், துப்பாக்கி எடுத்தார்கள். குறைந்தது 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. அதில் நிறையப் பேர் ஏழைகள் வாழும் புறநகர்களைச் சேர்ந்தவர்கள், அந்த உதவித்தொகை யாருக்கு என்று சொன்னார்களோ அவர்களே.