மறு: டூப்லெட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

> ‘டூப்லெட்’ என்றே ஒலிபெயர்த்துவிடலாமே? இசைக்காரர்களுக்குப் புரியும்.

அங்கேதான் இடிக்கிறது. இயல்பான எண்ணிக்கைக்குப் பதில் வேறு எண்ணிக்கையில் சுரங்களை ஒரே நீளத்துக்குள் அடக்கும் தொகுதிக்குப் பொதுப்பெயர் tuplet; அதில் மூன்றின் இடத்தில் இரண்டு சுரங்கள் வரும் வகை duplet. ஆங்கிலத்தில் முதலெழுத்து மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் டூப்லெட்தான். இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரின் பட்டியில் (menu) ‘டூப்லெட்’ என்ற தலைப்பைத் திறந்தால், உள்ளே முதல் வரியும் ‘டூப்லெட்’ என்றே நிற்கும்.

> கர்நாடக இசையில் ‘நடை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

என்னை நிறைய யோசிக்க வைத்தது இதுதான். திஸ்ரம் மூன்று, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு என்று தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்தைப் பிரிப்பது நமக்குப் பழகிய கணக்கு. ஆனால் நடை என்றால் அட்சரத்துக்கு அட்சரம் அதே பிரிப்பு தொடர்ந்து ஓட வேண்டும். மேற்கத்திய இசையின் நாலுக்கு நாலு தாளத்தில் (ஒரு தட்டுக்கு ஒரு கால் சுரம், அதாவது quarter note), இரண்டு தட்டு நீளத்துக்குள் மூன்று கால் சுரங்களைப் போட்டுப் பாருங்கள். முதல் சுரம் தட்டின் மேலேயே விழும். இரண்டாவது, அந்தத் தட்டில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகு. மூன்றாவது, அடுத்த தட்டில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகு. இரண்டாம் தட்டின் மேல் ஒரு சுரமும் விழாது. திஸ்ர நடையில் ஒன்று விட்டு ஒன்று எடுத்த கணக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். இதையே நடை என்றால் மிருதங்கக்காரர் சிரிப்பார்.

‘ஒற்றைப்படைத் தொகுதி’ சரிவராது, இரண்டும் நான்கும் உண்டே. ‘சுருக்கம்’ கூடாது: ஆறுக்கு எட்டு தாளத்தில் மூன்று அரைக்கால் சுரங்களின் (eighth note) இடத்தை இரண்டு நிரப்பும்போது அவை நீளத்தான் செய்கின்றன.

‘கொத்து’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முக்கொத்து, ஐங்கொத்து, எவ்வளவு அழகு! ஆனால் ஒரே தண்டில் பல சுரங்கள் தொங்கும் ‘கார்ட்’தான் பார்வைக்கு அசல் கொத்து. அதற்கே விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: பகுப்பு.

மென்பொருளில் நடப்பதும் அதுதான். மியூஸ்ஸ்கோரில் முதலில் மொத்த நீளத்தைத் தேர்ந்துகொண்டு, கண்ட்ரோலோடு 3 அழுத்தினால் அந்த நீளம் மூன்றாகும். லில்லிபாண்ட் என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளில் 3/2 என்று எழுதுகிறோம்: இரண்டின் இடத்தில் மூன்று. இசைக்குறிப்புக் கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்கிறது. எனவே 5:4-இல் ஐந்தைப் பகுப்பெண் என்றும் நான்கை இயல்பெண் என்றும் சொல்லலாம். இருபகுப்பு, முப்பகுப்பு, நாற்பகுப்பு, ஐம்பகுப்பு, அறுபகுப்பு, எழுபகுப்பு, எண்பகுப்பு வரை வழுக்கிக்கொண்டு போகிறது. ஒன்பதில் தட்டுகிறது, ‘ஒன்பது பகுப்பு’ என்று பிரித்தே எழுதுவோம். ஒன்றுக்குள் இன்னொன்று வந்தால் உட்பகுப்பு.

> ஒரு தட்டை இரண்டு அரைக்கால் சுரமாக எழுதுவதும் பகுப்புதானே?

உண்மை. ஆனால் அதற்கு மேலே எண் போடுவதில்லை, பட்டியில் தனி இடமும் இல்லை. குழப்பம் வந்தால் அதை ‘இயல்பான பிரிவு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், ‘பகுப்பு தாளக்கோட்டைத் தாண்ட முடியாது’ என்று ஒரு பிழைச்செய்தியிலும் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. சுரங்களுக்கு மேலே வரும் அடைப்புக்கோட்டுக்குத்தான் ‘பகுப்புக்கோடு’ என்பதா ‘பகுப்படைப்பு’ என்பதா என்று முடிவாகவில்லை. மிருதங்கம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.