நேம்சர்வர் மாற்றியும் பாதிப் பேருக்குப் பழைய தளம்: பதிவகத்தில் இன்னொரு பிரதி எதற்கு?

கிறுக்கன்_7
டாட் காம் டொமைன் ஒன்றின் டிஎன்எஸ்ஸை (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) சொந்த சர்வருக்கு மாற்றினேன். பழைய சேவையில் ஸோனை (டொமைனின் டிஎன்எஸ் பதிவுத் தொகுப்பு) திறந்து, நேம்சர்வர் எது என்று சொல்லும் என்எஸ் வரிகளில் எங்கள் டொமைன் பெயரிலேயே என்எஸ்1, என்எஸ்2 என்று கொடுத்துவிட்டேன். ஐந்து நாளாகிறது. சிலருக்குப் புதுத் தளம், சிலருக்குப் பழையது. ஒரே ஆளுக்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கேஷ் எல்லாம் அழித்துப் பார்த்தாயிற்று.

டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸில் இன்னும் பழைய நேம்சர்வர்தான். எரிச்சலோடு கேட்கிறேன்: ஸோனிலேயே என்எஸ் இருக்கும்போது பதிவுத் தரவுதளத்தில் ஏன் மறுபடி வைக்கிறார்கள்? உரிமையாளர் யார், காலாவதி எப்போது என்பதோடு நிறுத்தக் கூடாதா? ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பொய்யாகத்தானே போகும்?

வேர்முடிச்சு
நீங்கள் பிரதி என்று நினைப்பதுதான் வழியே. பயனருக்காக முகவரி தேடித் தரும் ரிசால்வர், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் சர்வரிடம் கேட்கும். அது டாட் காம் சர்வர்களைக் காட்டும். அவை உங்கள் நேம்சர்வரைக் காட்டும். அவற்றுக்கு எப்படித் தெரியும்? டாட் காமை நடத்தும் பதிவகத்தின் தரவுதளத்திலிருந்துதான் டாட் காம் ஸோனே உருவாகிறது. அங்கே வைக்காமல் விட்டால், வீட்டு விலாசம் கேட்பவரிடம் "வீட்டுக்குள் எழுதி ஒட்டியிருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சொன்ன கதைதான்.

டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையை, வழி முழுவதையும் காட்டும் +ட்ரேஸ் சேர்த்து ஓட்டுங்கள். டாட் காம் என்ன சொல்கிறது, அடுத்து பழைய சர்வர் என்ன சொல்கிறது?

கிறுக்கன்_7
டாட் காம் பழையதைச் சொல்கிறது. பழைய சர்வரிடமே நேராகக் கேட்டால் என்எஸ்1, என்எஸ்2 என்கிறது.

வேர்முடிச்சு
அப்படியென்றால் குழப்பத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எல்லோரும் முதலில் பழைய சர்வரிடம்தான் போகிறார்கள். சில ரிசால்வர்கள் டாட் காம் சொன்னதையே பிடித்துக்கொள்ளும். சில, பழைய சர்வர் தரும் என்எஸ்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் புதிய சர்வரிடம் கேட்கும். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2181 என்ற இணையத் தர ஆவணமும் மேலே இருப்பதைவிட ஸோனில் இருப்பதைத்தான் நம்பச் சொல்கிறது. கேஷ் தீர்ந்ததும் மறுபடி டாட் காமிலிருந்து ஆரம்பம், மறுபடி பழையது. காலை, மாலை மர்மம் இவ்வளவுதான். பதிவாளர் (டொமைனை உங்களுக்குப் பதிந்து தந்த நிறுவனம்) பேனலில் நேம்சர்வரை மாற்றுங்கள்.

இரவுச்சுற்று
கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. ஸோனில் மாற்றினால் மேலே தானாகவே மாறட்டும் என்றுதான் 2015-இல் ஆர்எஃப்சி 7477, சிசிங்க் என்ற ரெக்கார்டைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு, பதில் போலியில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பம் வேண்டும், பதிவகமும் ஆதரிக்க வேண்டும். அப்படியும் தரவுதளம் ஒழியாது, அதை நிரப்பும் ஆள்தான் மாறும்.

எனக்கு அது தானாக நடக்காததே நிம்மதி. ஒரு முறை எங்கள் டிஎன்எஸ் சேவைக் கணக்கில் எவனோ புகுந்துவிட்டான். பதிவாளர் பக்கத்தில் நேம்சர்வரை மாற்றித்தான் டொமைனையே மீட்டோம். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

தூக்கிப் போட வேண்டியது நம் எக்செல் தாளில் இருக்கும் நேம்சர்வர் பத்தியைத்தான். அதை யாரும் புதுப்பிப்பதில்லை, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள்.

கிறுக்கன்_7
பேனலில் மாற்றப் போனால் 2303 பிழை வருகிறது. அந்தப் பொருளே இல்லையாம். சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது!

வேர்முடிச்சு
சர்வர் இருந்தால் போதாது, பதிவகத்துக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டும். டாட் காமில் நேம்சர்வர் என்பதே தனி ஹோஸ்ட் பதிவு. உங்கள் நேம்சர்வர் பெயர் உங்கள் டொமைனுக்குள்ளேயே இருப்பதால் அதன் ஐபி முகவரியையும் அங்கேதான் வைக்க வேண்டும்; இதற்குத்தான் க்ளூ என்று பெயர். இல்லாவிட்டால் என்எஸ்1 எங்கே என்று கேட்க என்எஸ்1-இடமே போக வேண்டியிருக்கும். பேனலில் ஹோஸ்ட் பதிவு அல்லது க்ளூ ரெக்கார்டு என்று எங்காவது ஒளிந்திருக்கும், தேடுங்கள். முதலில் ஐபியோடு அதைப் பதிந்துவிட்டு, பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள்.

பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள். டாட் காம் தரும் என்எஸ் பதிலின் டிடிஎல் (கேஷில் வைத்திருக்கும் காலம்) 172800 வினாடி, அதாவது 2 நாள். அதுவரை அங்கேயும் தளத்தின் புதிய ஐபியே இருக்கட்டும்.

கிறுக்கன்_7
ஹோஸ்ட் பதிவு "மேம்பட்ட அமைப்புகள்" உள்ளே மூன்றாவது பக்கத்தில் இருந்தது. இரண்டையும் பதிந்ததும் பேனல் முனகாமல் ஏற்றுக்கொண்டது. ட்ரேஸில் இப்போது மேலும் கீழும் ஒரே பதில். பழைய சர்வரை இன்னும் மூன்று நாள் ஓடவிடுகிறேன். எக்செல் பத்தியை அழித்தாயிற்று.