பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 போட்டவங்க இருக்கீங்களா?

வணக்கமுங்க. சோமனூரில் எங்கள் தறிக்குடோன் கணக்கெல்லாம் ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் ஓடுகிறது. இன்டெல் ஐ5 மூன்றாம் தலைமுறை, 8 ஜிபி ராம், பிற்பாடு மாட்டிய எஸ்எஸ்டி. வேகத்தில் குறையே இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இதில் இல்லை, எட்டாம் தலைமுறை பிராசஸரும் இல்லை.

ரூஃபஸ் என்ற மென்பொருளில் விண்டோஸ் போடுவதற்கான பென்டிரைவைத் தயார் செய்யும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம் என்பது தெரியும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு பிராசஸரில் எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இருந்தே ஆக வேண்டும். மூன்றாம் தலைமுறை ஐ5-இல் அது இருக்கிறது, அந்தக் கண்டம் தாண்டியாச்சு.

எனக்குப் பயமே பில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தானுங்க. பேரலல் போர்ட் என்ற பழைய காலப் பிரிண்டர் இணைப்பில் ஓடுகிற உருப்படி. விண்டோஸ் 11-இல் அதற்கு டிரைவர் எடுக்குமா? மாசக் கடைசியில் பில் அடிக்க முடியாமல் போனால் வீட்டில் என்னை விட மாட்டார்கள்.

இன்னொன்று, இப்படிப் போட்டவர்களுக்கு மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் ஒழுங்காக வருகிறதா? வருடத்துக்கொருமுறை வரும் பெரிய அப்டேட்டுக்கு ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவல் கோப்பு) இறக்கி மேலேயே போட்டால் டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா அப்படியே இருக்கிறதா? பேக்கப் தனி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடச் சொல்வீர்கள். நல்லதுதான், ஆனால் டேலி நேரடியாக அதில் ஓடாதுங்களே. புதுசு வாங்கு என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீங்க, கடைக்காரரே தினமும் சொல்கிறார். கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் இதே மாதிரி பழைய மெஷினில் போட்டு ஓட்டுகிறவர்கள் உங்கள் மதர்போர்டு, பிரிண்டர் மாடலைக் கமெண்டில் போட்டால் பெரிய உதவியாக இருக்குமுங்க.