விறகடுப்புப் புகையும் அம்மாவின் இருமலும்

கேள்வி: புகையிலையைத் தொட்டறியாத என் அம்மா 40 ஆண்டுகளாக விறகடுப்பில் சமைக்கிறார். மூன்று ஆண்டுகளாக, ஐப்பசியில் தொடங்கும் சளி இருமல் தை முடியும்வரை ஓய்வதில்லை. இது காசநோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பதால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். வேறு காரணமின்றி, தொடர்ந்து 2 ஆண்டுகள், ஆண்டுக்கு 3 மாதமாவது சளியுடன் இருமல் நீடித்தால் அதை நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்பர். புகை படப்படச் சளிச் சுரப்பிகள் பெருத்து, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. மூச்சுக்குழாய் சுருங்கியுள்ளதா என்பதை, கருவியில் ஊதி மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை காட்டும்.

மறுமொழி 2: என் மாமியார் இன்ஹேலரை ஸ்பேசர் (அதன் வாயில் பொருத்தும் குழல்) வழியாக இழுக்கக் கற்ற பிறகே மருந்து நெஞ்சுக்குள் இறங்கியது, அதுவரை தொண்டையிலேயே தங்கியது. கேஸ் அடுப்பு வந்த பின்னும் வெந்நீருக்கு விறகு மூட்டினார். அதை நிறுத்திய பிறகுதான் இருமல் தணிந்தது.

மறுமொழி 3: இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ காய்ச்சல்), நிமோகாக்கல் (நிமோனியா உண்டாக்கும் ஒரு கிருமி) தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சளி நிறம் மாறி மூச்சிரைப்பு கூடினால், பழைய மருந்துச்சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்காமல் உடனே அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.