ஒரு நாளைக்கு எட்டு ஹோம் விசிட்டாம்! யார் போகிறார்கள்?

கவிதா_பிபிடி:
நேற்று வெங்கட் இங்கே எழுதியது: "பிசியோதெரபிஸ்டுக்கு என்ன குறை? வீட்டுக்கு வந்தால் 500 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு வீடு, மாதம் 25 நாள், ஒரு லட்சம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாலரை வருடம் பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம், படித்து 2019இல் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சம்பளம் 9,000. இன்றைக்கு 18,000. எந்த எட்டு வீடு சார்?

வெங்கட்_கோவை:
கணக்கில் என்ன தப்பு? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது மூன்று மாதம் ஒருவர் வந்தார். 40 நிமிடத்துக்கு 600 வாங்கினார். எட்டு வீடு போகிறேன் என்று அவரே சொன்னார்.

கவிதா_பிபிடி:
ஏஜென்சி ஆள் என்றால் அந்த 600 முழுசாக அவர் கைக்குப் போயிருக்காது. நானும் ட்யூட்டி முடிந்து மாலையில் ஹோம் விசிட் போகிறேன். சரவணம்பட்டியில் ஒரு பாட்டி, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். கட்டிலில் எழுப்பி உட்கார வைக்கவே பத்து நிமிடம். வாக்கரைப் பிடித்து நாலடி வைத்ததும் மூச்சு வாங்கும், தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவசரப்படுத்த முடியுமா? முடித்துவிட்டு சிங்காநல்லூர் போக முக்கால் மணி நேரம். என் வண்டி, என் பெட்ரோல். இரண்டு வீட்டுக்கே இரவாகிவிடும்.

செந்தில்_எம்பிடி_மதுரை:
நான் எட்டு போயிருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் முடியும். பிபிடியோடு நின்றுவிட்டு அழக்கூடாது. நியூரோவிலோ ஸ்போர்ட்ஸிலோ எம்பிடி மேற்படிப்பு முடிக்கணும், ஆர்த்தோ (எலும்பு) டாக்டர்களோடு பழகணும். 11 வருடமாக சொந்த கிளினிக் நடத்துகிறேன்.

கவிதா_பிபிடி:
பழகணும் என்றால் என்ன அண்ணா, நோயாளியை அனுப்பினால் கமிஷனா? போன வருடம் இதே இடத்தில் "கிளினிக்குக்கு ஆள் தேவை, மாதம் 10,000" என்று போட்டது நீங்கள்தானே? காலை 9 முதல் 1, மாலை 5 முதல் 9. எங்கள் சம்பளம் ஏறாததற்கு உங்களைப் போன்ற முதலாளிகளும் காரணம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

செந்தில்_எம்பிடி_மதுரை:
அது ஃப்ரெஷர் வேலை. வாடகை, வலிக்குக் கரன்ட் வைக்கும் ஐஎஃப்டி மிஷின், கரன்ட் பில் எல்லாம் யார் கட்டுவது? என் கணக்கைக் கேட்க நீங்கள் யார்?

எம்பிபிஎஸ்_2008:
முதலில் பிசியோக்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவதை நிறுத்துங்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகமே போடக்கூடாது என்று கடிதம் எழுதியதே.

கவிதா_பிபிடி:
மறுநாளே அதைத் திரும்பப் பெற்றதையும் எழுதுங்கள். சம்பளம் பேசும் இடத்தில் பட்டம் எதற்கு? டாக்டர் போட்டால் 18,000 கூடிவிடுமா?

எம்பிபிஎஸ்_2008:
நோயாளி குழம்புகிறார். அதுதான் என் கவலை.

குமார்_டெக்சாஸ்:
இங்கே அமெரிக்காவில் 2024 கணக்குப்படி பிசியோக்களின் நடு ஊதியம் ஆண்டுக்கு 1,01,020 டாலர். உரிமத் தேர்வு எழுதி வரலாமே.

கவிதா_பிபிடி:
அங்கே இப்போது நுழைவுப் படிப்பே டிபிடி என்கிற பிசியோதெரபி டாக்டர் பட்டம். எங்கள் பிபிடியை மதிப்பிட்டு, குறையும் பாடங்களையும் படித்த பிறகுதான் அந்தத் தேர்வு. அதுவரை வீட்டுக்கு யார் பணம் அனுப்புவது? இங்கேயே மத்திய அரசு பிசியோ வேலையில் சம்பள அட்டவணையில் லெவல் 6, தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 35,400. காலியிடம்தான் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது. அதே படிப்பு, அதே கை. நான் கேட்பது அந்த அளவு சம்பளம்தான்.

வெங்கட்_கோவை:
எட்டு வீடு முடியும் என்று செந்திலே ஒப்புக்கொண்டார். எட்டு ஐநூறு நாலாயிரம். இதில் தப்பு எங்கே?

கவிதா_பிபிடி:
வலி குறைந்ததும் ஆறாவது நாளே "இனி வேண்டாம்மா" என்கிறார்களே, அந்த வீட்டைக் கழித்தீர்களா? "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்கிற வீட்டை?

செந்தில்_எம்பிடி_மதுரை:
நான் ஒப்புக்கொள்ளவில்லை வெங்கட். போயிருக்கிறேன் என்றேன். தினமும் என்று சொல்லவில்லை.

வெங்கட்_கோவை:
எட்டு எட்டுதான் சார்.

கவிதா_பிபிடி:
ஐந்தரைக்குப் பாட்டி வீட்டில் இருக்கணும். ராத்திரி வந்து எழுதுகிறேன். செந்தில் அண்ணா, அந்த 10,000க்கு இன்னும் பதில் வரவில்லை.