ஐபிஎஸ் வயிறும் ஏறாத எடையும்: தட்டில் எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது

(அளவுக்கரண்டி, எடைமெஷின், தாளிப்பு, இஞ்சிச்சாறு என்ற புனைபெயர்களில் நான்கு பேர் பேசிக்கொள்வது)

அளவுக்கரண்டி:

ஐபிஎஸ் (வயிற்று வலியும் உப்பலும் மலப் பழக்கக் கோளாறும் தரும் 'எரிச்சல் குடல்' தொல்லை) இருப்பவர்கள் மெலிவதற்குச் சத்து உடம்பில் ஒட்டாததுதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஐபிஎஸ்ஸில் குடல் சத்தை உறிஞ்சும் வேலை ஒழுங்காகவே நடக்கும். குறைவது தட்டில்தான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவார்கள், அடுத்து பருப்பு, அடுத்து கோதுமை. கடைசியில் ரசம் சாதமும் இரண்டு இட்லியும் மிஞ்சும். சாப்பிட்டதை மூன்று நாள் எழுதி வரச் சொன்னால் ஒரு நாளைக்கு 1,300 கலோரிகூடத் தேறாது. அதை வைத்து எடை எப்படி ஏறும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயிறாரச் சாப்பிட்டும் எடை இறங்கினால் அதை ஐபிஎஸ் கணக்கில் எழுதக் கூடாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் தானாக இறங்குவது (60 கிலோ ஆளுக்கு 3 கிலோ), மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் டயட்டை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் பழுதாகும் நோய்) டிடிஜி ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) ஆகியவற்றைப் பெரும்பாலும் பார்ப்பார்கள். நம் நாட்டில் குடல் காசநோயையும் மனதில் வைத்துத்தான் பார்ப்பார்கள். டிடிஜிக்கு ரத்தம் கொடுக்கும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். முன்னாடியே கோதுமையை விட்டுவிட்டால் நோய் இருந்தும் ரிசல்ட் நார்மலாக வரலாம்.

எடைமெஷின்:

எடை ஏற நம் வீடுகளில் சொல்லும் வைத்தியமே இந்த வயிற்றுக்கு வினை. பேரீச்சம்பழ மில்க்‌ஷேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மில்லி பாலில் சுமார் 15 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை). பேரீச்சையிலும் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்திலும் ஃப்ரக்டன் என்ற செரிக்காத சர்க்கரைத் தொடர். மேலே ஊற்றும் தேனில் ஃப்ரக்டோஸ் (பழச் சர்க்கரை). போதாக்குறைக்கு ஒரு கைப்பிடி முந்திரி, அதிலும் ஃப்ரக்டனும் ஜிஓஎஸ்ஸும் (பருப்பு வகைகளில் இருக்கும் செரிக்காத சர்க்கரை) உண்டு. பெருங்குடலில் புளித்து வாயுவாகும் சரக்கு மொத்தமும் ஒரே டம்ளரில்!

ஜிம்மில் விற்கும் மாஸ் கெய்னரும் இதே கதைதான். பால் பொடி, இன்யூலின் (ஃப்ரக்டன் வகை நார்), சில டப்பாக்களில் சார்பிட்டால், மால்டிட்டால் என்ற இனிப்பூட்டிகள். புரோட்டீன் பவுடர் வேண்டுமென்றால் வே (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) கான்சன்ட்ரேட்டை விட்டுவிட்டு வே ஐசோலேட் வாங்குங்கள், லாக்டோஸ் மிகக் குறைவு. லேபிளில் இன்யூலின், சிக்கரி நார் என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இப்போது சாப்பிடுவதற்கு மேல் ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி போதும். வறுத்த வேர்க்கடலை 30 கிராம் (170 கலோரி), இரண்டு முட்டை (சுமார் 140), நெய் இரண்டு டீஸ்பூன் (90). ஆக மொத்தம் 400, புரதம் 20 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. அதோடு மதியம் வெந்த சோறு 100 கிராம் கூட்டினால் இன்னொரு 130. வேர்க்கடலை, முட்டை, நெய், அரிசி நான்குமே பொதுவாக வாயுத் தொல்லை தராதவை. ஆனால் நெய்யை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். கொழுப்பு ஒரே அடியாக உள்ளே போனால் பெருங்குடல் வேகமாகச் சுருங்கும், கை கழுவுவதற்குள் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். காலை ஒரு ஸ்பூன், மதியம் ஒரு ஸ்பூன்.

தாளிப்பு:

வாயு தரும் இந்தச் சர்க்கரைகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர் வைத்தது மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஐபிஎஸ் குடலில் நரம்பு கூர்மை, அதே உப்பல் அங்கே வலியாகிறது.

நம் சமையலில் பெரிய சிக்கல் வெங்காயமும் பூண்டும். இவற்றின் ஃப்ரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே சாம்பாரில் முழு வெங்காயத்தைக் கொதிக்கவிட்டு எடுத்து எறிவதில் பயன் இல்லை, எல்லாம் குழம்பில் இறங்கியிருக்கும். நல்லெண்ணெய் நான்கு ஸ்பூனில் உரித்த பூண்டு ஐந்து பல்லை நசுக்காமல் போட்டு, சிறு தீயில் பொன்னிறமாகும்வரை வைத்து, ஒரு துணுக்கு விடாமல் அரித்தெடுங்கள். அப்புறம்தான் கடுகு, கறிவேப்பிலை, தக்காளி. பூண்டு கிடக்கும்போதே தக்காளி விழுந்தால் அதன் சாற்றில் ஃப்ரக்டன் இறங்கிவிடும். இந்த எண்ணெயை பாட்டிலில் ஊற்றி மேடையில் வைக்காதீர்கள், போட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சைத் தரும் கிருமி வளர வாய்ப்புண்டு. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெங்காய வாசத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி இருக்கிறது.

துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடியுங்கள். ருசி கொஞ்சம் போகும்தான். வெந்த பருப்பு ஒரு வேளைக்குக் கால் கப்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று, டிகாஷன். சிக்கரி வேர் இன்யூலின் சுரங்கம், அதுவும் தண்ணீரில் கரைவது. 'பால் நிறுத்தியும் சரியாகவில்லை' என்று சொல்பவர்கள் ஒரு வாரம் சிக்கரி கலக்காத பொடிக்கு மாறிப் பாருங்கள்.

இஞ்சிச்சாறு:

தயிரையும் நிறுத்த வேண்டுமா? பழைய சோறு வயிற்றுக்கு நல்லது என்கிறார்களே?

அளவுக்கரண்டி:

நன்றாகப் புளித்த தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைந்திருக்கும். அரை கப்பில் ஆரம்பிக்கலாம், முழுக்க நிறுத்த அவசியமில்லை. பழைய சோறு ஆளைப் பொறுத்தது. ஆறிய சோற்றில் ஸ்டார்ச்சின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறும், அதுவும் பெருங்குடலில்தான் புளிக்கும். உப்பல் அதிகமாக இருக்கும் நாட்களில் சூடான சோறே நல்லது.

எது சேரவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சாப்பிட்ட அரை மணியில் வயிறு கலக்கினால் அப்போது சாப்பிட்டதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவார்கள். அப்போது வெளியேறுவது பழைய சரக்கு. ஃபாட்மேப் பெருங்குடலைத் தொடவே சில மணி நேரம் ஆகும். காலை மில்க்‌ஷேக்கின் வாயு மதியம் வரும், பழி மதியச் சோற்றின் மேல் விழும். இப்படியே நல்ல சாப்பாடும் பட்டியலிலிருந்து போய்விடும், அதோடு கலோரியும்.

ஃபாட்மேப் அதிகமுள்ள சாப்பாட்டையெல்லாம் ஒதுக்கும் டயட்டில் கடுமையான கட்டம் 2 முதல் 6 வாரம்தான். ஏற்கெனவே எடை மிகக் குறைவாக இருந்தால் உணவியல் நிபுணர் துணையில்லாமல் அதில் இறங்காதீர்கள். ஆறு வாரத்தில் மாற்றமே தெரியவில்லையென்றால் இந்த டயட் உங்களுக்கானது அல்ல, பழையபடி சாப்பிடுங்கள். மாற்றம் தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பாலென்றால் முதல் நாள் 60 மில்லி, அடுத்த நாள் 120, மூன்றாம் நாள் 240. மற்ற சாப்பாடு மாறக் கூடாது. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த பொருள். வெங்காயத்தையும் பூண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். 120 மில்லி வரை தொல்லையில்லை என்றால் அதைத் தினமும் குடிக்கலாம், 'பால் ஆகாது' என்று எழுதி வைக்காதீர்கள்.

மலச்சிக்கல் வகைக்கு இசப்கோல் உதவும், கோதுமைத் தவிடு பலருக்கு உப்பலைக் கூட்டும். இசப்கோலை அரை ஸ்பூனில் ஆரம்பித்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுத்து, வாரத்துக்கு அரை ஸ்பூன் கூட்டுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுத்துவிடும்.

எடைமெஷின்:

எடையைத் தினமும் பார்த்துக் கலங்காதீர்கள். இரண்டு நாள் மலம் கட்டினாலே முள் ஏறும், மூன்றாம் நாள் போக்கு வந்தால் இறங்கும். காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன், வாரம் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். வாரம் கால் கிலோ ஏறினால் போதும். மூன்று வாரம் அசையாமலே நின்றால் இன்னொரு 15 கிராம் வேர்க்கடலையும் அரைக் கரண்டி சோறும்.